மிஸ் மார்ப்பிள் பாட்டியின் ஊரில் ஒரு நாள்

நேரில் போய்ப் பார்ப்பதற்கு முன்பே சில ஊர்கள் நமக்குப் பழகிப் போய்விடுகின்றன. சினிமாவில் பார்த்துப் பார்த்தே ஊட்டியின் மேடு பள்ளமெல்லாம் நம்மில் பலருக்கு அத்துப்படி ஆகவில்லையா, அந்த மாதிரி. இங்கிலாந்தில் ஹாம்ப்ஷயர் மாவட்டத்தில் நெதர் வாலப் என்று ஒரு சின்னஞ்சிறு கிராமம். சென்ற வருஷம் மே மாதக் கடைசியில் அங்கே போய் இறங்கியபோது, ஏதோ விட்டுப் போன சொந்த ஊருக்குத் திரும்பி வந்தது போலத்தான் எனக்கு இருந்தது. காரணம், அதற்கு முன் ஒன்றரை மாதமாக அந்த ஊரை டி.வி.யில் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவும் ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை!

டி.வி.யில் அந்த ஊருக்கு வேறு பெயர். செயின்ட் மேரி மீட். துப்பறியும் கதைகளுக்குப் பேர்போன அகதா கிறிஸ்டி அம்மையார் (1890 - 1976) தம் கற்பனையில் எழுப்பிய கிராமம் அது. அங்கே தனியாகக் குடியிருக்கும் கல்யாணமாகாத பாட்டிதான் மிஸ் மார்ப்பிள். மடியில் கம்பளி நூல் உருண்டை, கையில் பின்னல் ஊசி, வீட்டின் பின்னால் பூந்தோட்டம், நாலரை மணிக்குத் தேநீர். இவ்வளவுதான் அவருடைய உலகம். ஆனால் போலீஸார் விழிபிதுங்கி நிற்கும் கொலைகளையெல்லாம் உட்கார்ந்த இடத்திலிருந்தே அவிழ்த்துப் போட்டு விடுவார்.

இந்தப் பாட்டியை வைத்து கிறிஸ்டி எழுதிய 12 நாவல்களையும் பி.பி.சி. நிறுவனம் 1984 முதல் 1992 வரை ஒவ்வொன்றாகப் படமாக்கி ஒளிபரப்பியது. மிஸ் மார்ப்பிளாக நடித்தவர் ஜோன் ஹிக்சன். முதல் கதை வெளியானபோது அவருக்கு வயது 78. கடைசிக் கதை வெளியானபோது 86! நம் வீடுகளில் அறுபது தாண்டினாலே, "இனிமே உங்களுக்கு எதுக்கும்மா இந்த வேலையெல்லாம்?" என்று நாற்காலியில் உட்கார வைத்து விடுகிறோம். அந்த அம்மாள் அந்த வயதில்தான் தம் வாழ்க்கையின் பெரிய வேலையைத் தொடங்கினார்.

இதில் இன்னொரு சுவையான செய்தி. 1940-களிலேயே ஹிக்சனை ஒரு நாடக மேடையில் பார்த்த அகதா கிறிஸ்டி, என்றாவது ஒரு நாள் நீங்கள் என் மிஸ் மார்ப்பிளாக நடிக்க வேண்டும் என்ற கருத்தில் ஒரு சீட்டு எழுதி அனுப்பினாராம். அது பலித்தபோது எழுதியவர் உயிரோடு இல்லை. இடையில் 1961-ல் மார்கரெட் ரூதர்ஃபோர்டு மிஸ் மார்ப்பிளாக நடித்த ஒரு சினிமாவில் ஹிக்சனுக்குக் கிடைத்தது வீட்டு வேலைக்காரி வேஷம். பொறுமைக்கு இதைவிட வேறென்ன உதாரணம் வேண்டும், சொல்லுங்கள்!

கட்டுப்போட்ட கையும் பன்னிரண்டு கதைகளும்

நான் இங்கிலாந்து போனது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. என் மூத்த அக்கா சாலிஸ்பரி நகரத்தில் இருக்கிறாள். எனக்கும் அவளுக்கும் பதினாறு வயது வித்தியாசம். எனக்குத் தலை பின்னி விட்டுப் பள்ளிக்கூடம் அனுப்பியவள் அவள்தான். நர்ஸ் வேலைக்கு அங்கே போய், முப்பது வருஷம் உழைத்து ஓய்வு பெற்றவள். அத்தான் தவறி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பனிக்காலத்தில் கொல்லைப்புறக் கல்படியில் வழுக்கி விழுந்து, மணிக்கட்டு எலும்பு முறிந்து போயிற்று. அவளுடைய மகன் மான்செஸ்டரில் வேலையாக இருக்கிறான். லீவு எடுத்து எத்தனை நாள் பார்க்க முடியும்? "சித்தி, கொஞ்ச நாள் வந்து அம்மாகூட இருக்க முடியுமா?" என்று போனில் கேட்டான். குழந்தைகளையும் வீட்டையும் மாமியாரிடமும் என்னவரிடமும் ஒப்படைத்து விட்டுப் புறப்பட்டேன்.

போன பிறகுதான் விஷயம் புரிந்தது. மணிக்கட்டு சீக்கிரமே கூடிவிடும். கூடாமல் நின்றது வேறு ஒரு பிரச்னை. "அம்மா, இந்த வீட்டை வித்துட்டு என்கூட வந்துடுங்க. அன்னிக்கு நீங்க விழுந்து கிடந்தது யாருக்காவது தெரிஞ்சுதா?" என்பது மகனின் கட்சி. அவன் கேட்டதில் தப்பில்லை. தாயின் மேல் இருக்கிற பாசம்தானே அப்படிக் கேட்க வைக்கிறது? ஆனால் அக்காவுக்கு அந்த வீட்டை விட மனமில்லை. "அங்கே போனா பேரப் பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போயிடும், இவங்க ரெண்டு பேரும் ஆபீஸ் போயிடுவாங்க. பத்தாவது மாடியில நான் யார் முகத்தைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கிறது?" என்று என்னிடம் சொல்வாள். மகனிடம் சொல்ல மாட்டாள். "பார்க்கலாம்பா" என்பதோடு பேச்சை முடித்து விடுவாள்.

அந்த மாலைப் பொழுதுகளில்தான் அலமாரியிலிருந்து டி.வி.டி. பெட்டி வெளியே வந்தது. ராத்திரி சீக்கிரம் சாப்பிட்டு விட்டு, அவள் கட்டுப்போட்ட கையைத் தலையணை மேல் வைத்துக்கொள்ள, நான் காலடியில் ஜமுக்காளத்தை விரித்துக்கொள்ள, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பன்னிரண்டு கதைகளையும் பார்த்து முடித்தோம். பள்ளிப் படிப்போடு நின்றவள் நான். இங்கிலீஷ்காரர்கள் பேசுகிற வேகத்தில் பாதி எனக்குப் பிடிபடவில்லை. கீழே எழுத்து ஓடுவதைப் படிப்பதற்குள் கொலைகாரன் அடுத்த தெருவுக்குப் போயிருப்பான்! அக்கா அடிக்கடி நிறுத்தி விளக்கம் சொல்லுவாள். கடைசிக் கதை முடிந்ததும், "மறுபடி முதல்லேருந்து போடவா?" என்றாள்.

போனில் என்னவரிடம் இதைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார். "கொலை பண்ணினது யாருன்னு தெரிஞ்சப்புறம் அதுல பார்க்க என்னம்மா இருக்கு?" என்று கேட்டார்.

இருக்கிறது, சகோதரிகளே. நிறையவே இருக்கிறது.

இரண்டாம் தடவை தெரிவது

முதல் தடவை பார்க்கும்போது நம் கண் கொலைகாரனையே தேடும். இவனா அவளா என்று ஒவ்வொரு முகமாக அலையும். இரண்டாம் தடவை அந்தப் பரபரப்பு கிடையாது. கண் பாட்டியின் மேல் போய் நிற்கும். அவர் என்ன செய்கிறார் என்று அப்போதுதான் நிதானமாகப் பார்க்க முடிகிறது. பார்த்தால், அவர் செய்வதெல்லாம் நாம் தினமும் வீட்டில் செய்வதுதான்!

ஓர் உதாரணம் சொல்கிறேன். குற்றவாளி யாரென்று சொல்லி உங்கள் சுவாரஸ்யத்தைக் கெடுக்க மாட்டேன், பயப்படாதீர்கள். முதல் கதையில் ஒரு பெரிய வீட்டுப் புத்தக அறையில், முன்பின் தெரியாத ஓர் இளம் பெண் இறந்து கிடக்கிறாள். மினுமினுக்கும் கவுன், முகம் நிறையப் பூச்சு. இன்ஸ்பெக்டர் ஸ்லாக் ஆட்களை விரட்டி விரட்டி விசாரிக்கிறார். மிஸ் மார்ப்பிள் அந்தப் பெண்ணின் விரல்களைப் பார்க்கிறார். நகங்கள் கடித்துக் கடித்துக் குட்டையாகக் கிடக்கின்றன. இத்தனை அலங்காரம் செய்துகொள்கிற பெண் நகத்தைக் கடித்து வைத்திருப்பாளா? பெண் குழந்தைகளை வளர்த்த எந்தத் தாய்க்கும் எழுகிற கேள்விதானே இது? கதையின் முடிச்சே அங்கேதான் இருக்கிறது.

இன்னொரு கதையில், இன்ன வீட்டில் இன்ன மணிக்கு ஒரு கொலை நடக்கும், அனைவரும் வருக என்று பத்திரிகையில் விளம்பரமே வருகிறது! அந்தக் கதையில் துப்பாக இருப்பது ஒரு ஜோடி மேஜை விளக்கு. ஒன்றில் ஆடு மேய்க்கும் பையன் பொம்மை, மற்றதில் பெண் பொம்மை. முதல் நாள் மேஜை மேல் இருந்தது எது, மறுநாள் இருந்தது எது? தினமும் கூடத்தைத் துடைத்துப் பெருக்குகிறவளுக்குத்தான் அந்த வித்தியாசம் கண்ணில் படும்.

பாடிங்டன் ரயில் கதையில், பக்கத்துத் தண்டவாளத்தில் போகிற ரயிலில் ஒருவன் ஒரு பெண்ணின் கழுத்தை நெரிப்பதை ஒரு வயதான அம்மாள் கண்ணால் பார்க்கிறாள். சொன்னால் ஒருவரும் நம்பவில்லை. கிழவி தூக்கக் கலக்கத்தில் ஏதோ கனவு கண்டிருப்பாள் என்று நினைத்து விடுகிறார்கள். நம்புகிறவர் மிஸ் மார்ப்பிள் ஒருவர்தான். அதே கதையில் லூசி என்ற இளம் பெண் வருகிறாள். ஆக்ஸ்ஃபோர்டில் கணிதத்தில் முதல் வகுப்பு வாங்கியவள், சமையலையும் வீட்டு நிர்வாகத்தையும் தன் தொழிலாகத் தேர்ந்தெடுத்துக் கொண்டவள். நல்ல வேலைக்கு ஆள் கிடைக்காத துறை அதுதான் என்று கணக்குப் போட்டே இறங்கியவள்! "பார்த்தியாடி, வீட்டு வேலைக்கும் மூளை வேணும்னு அந்த அம்மா எப்படிச் சொல்லியிருக்காங்க" என்பாள் அக்கா.

என்னைக் கண்கலங்க வைத்தது வேறு ஒரு கதை. கிளாடிஸ் என்று ஓர் அநாதைப் பெண். மிஸ் மார்ப்பிளிடம் வீட்டு வேலை பழகிக்கொண்டு, பிறகு ஒரு பணக்கார வீட்டில் வேலைக்குச் சேர்ந்தவள். அந்த வீட்டில் அவளைக் கொன்று, போதாததற்கு மூக்கில் துணி காயப்போடும் கிளிப்பை மாட்டி வைத்திருக்கிறார்கள். அந்த வீட்டில் நடந்த மற்றச் சாவுகளைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு. வேலைக்காரப் பெண்ணைப் பற்றி யாருக்குக் கவலை? பாட்டி ரயிலேறி வருகிறார். அந்தக் கிளிப்புக்காகத்தான் வருகிறார். செத்துப் போன ஏழைப் பெண்ணை இப்படிக் கேவலப்படுத்தினானே என்ற கோபம். முதல் தடவை நான் இதைக் கவனிக்கவே இல்லை. யார் கொன்றது என்பதிலேயே குறியாக இருந்தேன். இரண்டாம் தடவை அந்த மெல்லிய குரலுக்குள் இருந்த கோபம் என் காதில் விழுந்தது.

"எங்க வார்டுலகூட இப்படித்தான். பேஷண்ட்டோட பீரோ, பாத்ரூம், படுக்கை விரிப்பு, இதையெல்லாம் பார்த்தாலே பாதி வியாதி தெரிஞ்சுடும். டாக்டருங்க சார்ட்டைப் பார்ப்பாங்க, நாங்க ஆளைப் பார்ப்போம்" என்றாள் அக்கா. அத்தான் போன பிறகு அவள் தன் வேலையைப் பற்றி அப்படிக் கம்பீரமாகப் பேசி நான் கேட்டது அன்றுதான்.

வாலப்புக்குப் பயணம்

கட்டுப் பிரித்து, கைக்குப் பயிற்சி கொடுக்கச் சொல்லி டாக்டர் அனுப்பிய வாரம், "செயின்ட் மேரி மீட் இங்கேதான் பக்கத்துல இருக்கு, போய்ப் பார்த்துட்டு வருவோமா?" என்று அக்காவே கேட்டாள். அவளுடைய பழைய சிநேகிதி ஒருத்தி கார் ஓட்ட முன்வந்தாள். புளிசாதம், உருளைக்கிழங்கு வறுவல், ப்ளாஸ்கில் காபி எல்லாம் கட்டிக்கொண்டோம். மே மாதமானாலும் காற்று சில்லென்றுதான் அடிக்கும். ஆகையால் ஸ்வெட்டரும் குடையும் கட்டாயம்.

சாலிஸ்பரியில் பெரிய தேவாலயம் இருக்கிறது. அதன் கூர்ங்கோபுரம் 123 மீட்டர் உயரம், பிரிட்டனிலேயே உயரமானது. அந்தக் கோபுரத்தை முதுகுக்குப் பின்னால் விட்டு விட்டு ஏ30 சாலையில் கிழக்கே போனால் இரண்டு பக்கமும் ஏற்ற இறக்கமான பசும்புல் வெளி. சுமார் அரைமணி நேரப் பயணம்தான்.

வாலப் என்ற பெயரில் அங்கே மூன்று கிராமங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஓவர் வாலப், மிடில் வாலப், நெதர் வாலப். நம்மூர் மேலத்தெரு, நடுத்தெரு, கீழத்தெரு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்! 'வாலப்' என்றால் பேச்சு இங்கிலீஷில் 'ஓங்கி ஓர் அடி' என்று அர்த்தம். "அப்போ நெதர் வாலப்புக்குத் தமிழ்ல கீழடி!" என்று அக்கா சொல்ல, கார் ஓட்டிய சிநேகிதிக்கு ஒன்றும் புரியாமல் நாங்கள் இருவர் மட்டும் சிரித்தோம். உண்மையில் ஊற்றும் ஓடையும் உள்ள பள்ளத்தாக்கு என்ற பொருளில் பழைய இங்கிலீஷில் வைத்த பெயர் அது என்கிறார்கள்.

பெயருக்கு ஏற்ற மாதிரி ஊர் நடுவே வாலப் ஓடை ஓடுகிறது. ஓடை என்றால் சேறு கலங்கிய ஓடை அல்ல. அந்தப் பகுதி முழுவதும் அடியில் சுண்ணாம்புப் பாறை. மழைத்தண்ணீர் அந்தப் பாறைக்குள் இறங்கி வடிகட்டி வருவதால், அடியில் கிடக்கிற கூழாங்கல்லைக்கூட எண்ணி விடலாம். இந்த ஓடை போய்க் கலக்கிற டெஸ்ட் நதி, ட்ரௌட் மீனுக்குப் பெயர் போனது.

வீடுகளுக்கு வைக்கோல் வேய்ந்த கூரை! தஞ்சாவூர்ப் பக்கம் கூரை வீடு என்றால் ஏழை வீடு. இங்கே அதுதான் அந்தஸ்து. ஒரு முழத்துக்கு மேல் கனமாக அடுக்கி, ஓரத்தைச் சீப்பால் வாரி வெட்டியது போல நறுக்கி விட்டிருக்கிறார்கள். தோட்டத்து மதில் சுவர்களைப் பார்த்து இன்னும் வியந்தேன். சுண்ணாம்பு மண்ணைக் குழைத்துக் கட்டிய சுவர்கள் மழையில் கரையாமல் இருக்க, சுவருக்கே தலையில் தனியாக ஒரு கூரை போட்டு வைத்திருக்கிறார்கள்!

டி.வி.யில் மிஸ் மார்ப்பிள் குடியிருந்த வீடு ஃபைவ் பெல்ஸ் லேன் என்ற குறுகலான சந்தில் இருக்கிறது. யாரோ குடியிருக்கிற சொந்த வீடு அது. அதனால் கதவண்டை போய் நிற்காமல், போட்டோ எடுக்காமல், தெருவோடு நடந்து போனோம். ஆனால் நடந்து போனதே போதுமாக இருந்தது. இரண்டு தடவை பார்த்தபோதும் விளங்காத ஒன்று அந்தச் சந்தில் விளங்கிற்று. அந்தப் பாட்டிக்கு எப்படி எல்லாம் தெரிகிறது என்று யோசித்திருக்கிறேன் அல்லவா? அங்கே நின்று பார்த்தால் தெரியும். சந்து அவ்வளவு குறுகல். ஜன்னல்கள் தெருவைப் பார்த்தே இருக்கின்றன. தோட்டத்தில் களை எடுக்கிறவள் தலையை நிமிர்த்தினால் போதும், யார் வந்தார்கள், யார் எத்தனை மணிக்குத் திரும்பினார்கள் என்பதெல்லாம் தானாகக் கண்ணில் விழும். உட்கார்ந்த இடத்திலிருந்தே ஊரைத் தெரிந்து வைத்திருப்பது மந்திரம் அல்ல. வீடு கட்டியிருக்கிற விதம்!

சம்மனசுகளும் ஒரு பிரமிடும்

சற்று மேட்டில் இருக்கும் செயின்ட் ஆண்ட்ரூ தேவாலயத்துக்கும் போனோம். உள்ளே வளைவுக்கு மேலே சுவரில் சம்மனசுகள் பறக்கும் ஓவியம் ஒன்று. சுமார் ஆயிரம் வருஷத்துக்கு முந்தியது, நார்மன்கள் அந்த நாட்டைப் பிடிப்பதற்கும் முன்னால் வரைந்தது. நம் தஞ்சைப் பெரிய கோவில் எழும்பிய காலத்தை ஒட்டியது என்று நினைத்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. வண்ணம் மங்கியிருந்தாலும் சிறகுகளின் வீச்சு அப்படியே தெரிகிறது. தரையில் 1436-ல் காலமான மேரி கோர் என்ற கன்னிமடத் தலைவியின் பித்தளை உருவத் தகடு இருக்கிறது.

வெளியே கல்லறைத் தோட்டத்தில் வேடிக்கையான ஒரு காட்சி. எகிப்திலிருந்து பெயர்த்து வந்தது போல ஒரு கல் பிரமிடு! 1760-ல் காலமான ஃபிரான்சிஸ் டூஸ் என்ற மருத்துவரின் சமாதியாம் அது. பிரமிடுக்குப் பக்கத்துப் புல்தரையில்தான் எங்கள் புளிசாதப் பொட்டலம் பிரிந்தது. தலைக்கு மேலே ஒரு ஹெலிகாப்டர் படபடவென்று போயிற்று. பக்கத்து மிடில் வாலப்பில் ராணுவ விமான தளம் இருக்கிறது. 1940-ல் பிரிட்டன் வான்போர் நடந்தபோது சண்டை விமானங்கள் கிளம்பிய இடம். இப்போது அங்கே ராணுவ விமானங்களுக்கான அருங்காட்சியகமும் உண்டு. பிள்ளைகளோடு போகிறவர்கள் விடாமல் பார்க்கலாம்.

சாப்பிட்டு விட்டுத் திரும்பும்போது நடந்ததைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். சந்தின் ஓரத்தில் ஒரு வீட்டுத் தோட்டத்தில், ரோஜாச் செடிக்குக் கத்திரி பிடித்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி எங்களைப் பார்த்துப் புன்னகை செய்தார். எண்பதுக்கு மேல் இருக்கும். "சர்ச் பக்கம் காரை நிறுத்திவிட்டு இரண்டு தடவை இந்தப் பக்கம் போய்விட்டீர்கள். மிஸ் மார்ப்பிளைத்தானே தேடுகிறீர்கள்?" என்று கேட்டார். எங்கள் மூவருக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. நாங்கள் தேடி வந்தவரே எதிரில் நிற்கிறாரே!

பேச்சு வளர்ந்தது. அக்காவின் மெலிந்த மணிக்கட்டை அவர் ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தார். விழுந்ததையும் தனியாக இருப்பதையும் அக்கா சொன்னாள். அந்த அம்மாளும் தனிதானாம். "பயமாக இல்லையா?" என்று அக்கா கேட்டாள். அவர் தம் ஜன்னலைக் காட்டினார். தினமும் காலை ஒன்பது மணிக்குள் அந்தத் திரையை விலக்கியாக வேண்டும். விலக்கவில்லை என்றால் எதிர்வீட்டுக்காரர் வந்து மணி அடிப்பார். சாவி அவரிடம் ஒன்று இருக்கிறது. பதிலுக்கு அவர் வீட்டுப் பூனைக்கு இந்த அம்மாள் பொறுப்பு. "உதவி வாங்குகிறவளாக மட்டும் இருக்கக் கூடாது. நாமும் ஏதாவது கொடுக்க வேண்டும். அப்போதுதான் தனியாக இருக்க முடியும்" என்றார்.

திரும்பி வரும்போது காரில் அக்கா பேசவே இல்லை. நானும் கேட்கவில்லை.

கடைசிக் கதை

அன்று ராத்திரி இரண்டாம் சுற்றில் மிச்சம் இருந்த கடைசிக் கதையைப் போட்டோம். 1992-ல் ஒளிபரப்பானது. பாட்டிக்கு மிகவும் வயதாகி விட்டது. டாக்டர் தோட்ட வேலை கூடாது என்கிறார். ஊரின் விளிம்பில் வரிசை வரிசையாகப் புது வீடுகள் வந்து விட்டன. பாட்டியைக் கவனிக்க மிஸ் நைட் என்று கூடவே ஒரு பெண். நல்லவள்தான். ஆனால் பாட்டியிடம் பச்சைக் குழந்தையிடம் பேசுவது போலக் கொஞ்சிப் பேசியே உயிரை எடுப்பாள். முதல் தடவை இதைப் பார்த்துச் சிரித்தோம். இந்தத் தடவை அக்கா சிரிக்கவில்லை.

"இந்தக் கதை நாவல்ல எப்படி முடியும் தெரியுமா?" என்று கேட்டு விட்டு அவளே சொன்னாள். 1962-ல் வந்த அந்த நாவலின் கடைசியில், புதுக் குடியிருப்பிலிருந்து வேலைக்கு வந்துபோகிற செர்ரி என்ற இளம் பெண்ணும் அவள் கணவனும் மிஸ் மார்ப்பிள் வீட்டிலேயே ஒரு பக்கம் குடிவருவதாக ஏற்பாடாகிறது. அவர்களுக்கு இடம் வேண்டும், பாட்டிக்குத் துணை வேண்டும். யாரும் யாருக்கும் பாரம் இல்லை.

"மாடியில ரெண்டு ரூம் சும்மாத்தானே கிடக்கு?" என்றாள் அக்கா.

மறுநாள் மகனிடம் அவளே போனில் பேசினாள். "பார்க்கலாம்பா" என்று மழுப்பவில்லை. மாடி அறையை ஆஸ்பத்திரியில் புதிதாக வேலைக்கு வருகிற நர்ஸ் பெண் ஒருத்திக்கு விடுவது. அடுத்த வீட்டில் ஒரு சாவி கொடுத்து வைப்பது. கொல்லைப் படிக்கும் குளியலறைக்கும் கைப்பிடி போடுவது. தினமும் ராத்திரி எட்டு மணிக்கு மகனோடு பேசுவது. ஒரு வருஷம் இப்படி இருந்து பார்த்து விட்டு மறுபடி யோசிப்பது. நான்கு ஏற்பாடு, ஒரு கெடு. அவனும் கொஞ்ச நேரம் மௌனமாக இருந்து விட்டு, "கைப்பிடி நான் வந்து போட்டுத் தரேம்மா" என்றான். நான் ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின சனிக்கிழமை, துளை போடும் மெஷினோடு வந்து போட்டும் கொடுத்தான்.

இப்போது மாடியில் கேரளத்துப் பெண் ஒருத்தி இருக்கிறாள். இரவு டூட்டி முடிந்து வருகிற பெண்ணுக்கு அக்கா சூடாக இட்லி வைத்திருக்கிறாள். அந்தப் பெண்ணுக்கு இங்கிலாந்து ஆஸ்பத்திரியின் நடைமுறை எல்லாம் சொல்லிக் கொடுக்கிறாள்.

எல்லாத் தாய்மாருக்கும் இதுவே சரி என்று நான் சொல்ல வரவில்லை. உடம்பு முடியாதவர்களுக்குப் பிள்ளைகள் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். ஆனால் எங்கே இருப்பது என்று முடிவு செய்கிற பேச்சில் அந்தத் தாயும் ஓர் ஆளாக உட்கார வேண்டும், இல்லையா?

போக விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள்: லண்டன் வாட்டர்லூ ஸ்டேஷனிலிருந்து ஆண்டோவருக்கும் சாலிஸ்பரிக்கும் நேர் ரயில் உண்டு. அங்கிருந்து நெதர் வாலப்புக்குக் கார்தான் வசதி. கிராமத்து பஸ்ஸை நம்பிப் புறப்பட வேண்டாம். மே, ஜூன் மாதங்களில் தோட்டங்கள் பூத்துக் குலுங்கும். மழைக்கு ஒதுங்கவும் தாகத்துக்குக் குடிக்கவும் வேண்டியதைக் கையோடு கொண்டு போங்கள். வீடுகளுக்குள் எட்டிப் பார்க்காதீர்கள்.

போக முடியாதவர்கள் வருத்தப்பட வேண்டாம். உங்கள் வீட்டுப் பெரியவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, ஏற்கெனவே பார்த்த ஏதாவது ஒரு துப்பறியும் படத்தை மறுபடி போடுங்கள். நடுவில் நிறுத்தி, "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்லுகிற பதிலைக் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.